ஓனரை டீ குடிக்க அனுப்பு!

சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாருங்கள். இது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் ஓடுகிற இந்தத் தெருவில் சீட் கவர் மாற்றவோ, ஸ்டீரியோ வைக்கவோ வந்து பேரம் பேசாத சென்னைக் கார்க்காரர்கள் குறைவு. ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் கடையின் முன்பக்கம்தான். பளபளக்கும் அலாய் வீல், ஏ.சி. குளிர், "உக்காருங்க சார், கூல்டிரிங்ஸ் சொல்லவா?" என்ற உபசாரம். நாம் போகப்போவது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம். காருக்கு வால் முளைக்கிற இடம். அதாவது, ஸ்பாய்லர் மாட்டுகிற இடம்! முதலாளி ஒரே ஒரு நிபந்தனையோடு உள்ளே விட்டிருக்கிறார். "எதை வேணா பாருங்க மேடம். டேப்பை மட்டும் தொட்றாதீங்க."

ஒருக்களித்து வாருங்கள், வழி அவ்வளவுதான் அகலம். இடது பக்கம் ஆளுயரத்துக்கு ஃப்ளோர் மேட். வலது பக்கம் ஹார்ன் அட்டைப்பெட்டிகள். அவற்றின் மேல் யாரோ பாதி சாப்பிட்டு மூடி வைத்த தயிர்சாதம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார இடமில்லை, உடைந்த டெயில் லேம்ப் ஒன்று அங்கே ஓய்வெடுக்கிறது. இப்போது அண்ணாந்து பாருங்கள். பரண் முழுக்க ஸ்பாய்லர்! டிக்கி விளிம்பில் ஒட்டும் மெல்லிய லிப், பின்பக்கம் துருத்தி நிற்கும் டக் டெயில், ஹேட்ச்பேக் கார்களின் கூரைக்கான ரூஃப் ஸ்பாய்லர். ஓரத்தில் ரேஸ் காருக்கு வைக்கிற மாதிரி பிரமாண்டமான ஒரு விங். அதன் மேல் இரண்டு ஈரத் துண்டும் ஒரு சட்டையும் காய்கின்றன.

"அட்வான்ஸ் குடுத்த பார்ட்டி திரும்பி வரவே இல்லக்கா" என்கிறான் உதவிக்கு நிற்கும் பையன். "துணி காயப்போட இதை விட்டா வேற எடம் கிடையாது."

கறுப்பு வலைப்பின்னல் பளபளக்கும் ஒன்றைக் காட்டி, "கார்பன் ஃபைபரா?" என்று கேட்டேன். பையன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். உள்ளே இருப்பது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், மேலே இருப்பது கார்பன் டிசைன். அசல் கார்பனும் வரும், ஆனால் அது முன்பக்க ஷோகேஸில் பூட்டி இருக்கும். அதன் விலையைக் கேட்டுவிட்டு பிளாஸ்டிக்கை எடுத்துப் போகிறவர்கள்தான் அதிகமாம்.

முதல் கேஸ் வந்துவிட்டது. வெள்ளை டிசையர். ஓனர் இளைஞர், முதல் கார், கண்ணில் அவ்வளவு பெருமிதம். லிப் ஸ்பாய்லர், டேப் வேலை. "உடனே ஒட்டிருவீங்கள்ல?" என்கிறார் ஆவலாக. வேலையைச் செய்யப்போகிற மாஸ்டர் பதில் சொல்லாமல் புறங்கையை டிக்கி மேல் வைத்துப் பார்க்கிறார். வெயிலில் நின்ற வண்டி. வெடுக்கென்று கையை எடுக்கிறார். "உள்ள தள்ளு. ஆறட்டும்." இந்த டேப் ஒட்டுவதற்கு 21 முதல் 38 டிகிரி வரைக்கும்தான் சௌகரியமான சூடு. மதிய வெயிலில் நின்ற சென்னைத் தகரம் அதைத் தாண்டி எங்கேயோ இருக்கும். நான்கு பேர் சேர்ந்து வண்டியை நிழலுக்குத் தள்ளுகிறோம். நானும்தான்!

ஆறுகிற நேரத்தில் அளவெடுப்பு. ஸ்பாய்லரை ஒட்டாமல் சும்மா வைத்துப் பார்க்கிறார்கள். இஞ்ச் டேப் வந்தது. இந்தப் பக்க விளிம்பிலிருந்து அளவு, அந்தப் பக்க விளிம்பிலிருந்து அளவு. பிறகு மாஸ்டர் பத்தடி பின்னால் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒரு கண்ணை மூடுகிறார். "லெஃப்ட்ல தூக்குது." பையனும் பின்னால் போய் உட்காருகிறான். "இல்ல மாஸ்டர், ரைட்டுல இறங்குது." ரெண்டும் ஒன்றுதானே என்று நான் நினைப்பதற்குள் சண்டை சூடாகிவிட்டது. பக்கத்துக் கடை வாட்ச்மேன் வந்து நடுவர் ஆகிறார். கடைசியில் ஒரு நூல் நகர்த்தி, சுற்றிலும் பேப்பர் டேப் ஒட்டி எல்லை போட்டுவிட்டார்கள். இனி ஸ்பாய்லர் எங்கே உட்கார வேண்டும் என்று அந்தக் கோடு சொல்லும்.

அடுத்து சுத்தம் செய்யும் படலம். வண்டி பளபளவென்றுதானே இருக்கிறது என்று நாம் நினைப்போம். அந்தப் பளபளப்புதான் எதிரி! பாலிஷ், மெழுகு, கை எண்ணெய் எதன் மேலும் டேப் நிற்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலந்த ஸ்பிரே பாட்டிலை எடுக்கிறான் பையன். அடித்து, ஒரே திசையில் துடைத்து, துணியை மடித்து, மறுபடி துடைத்து... இடமே ஆஸ்பத்திரி வார்டு வாசனை. முடித்த திருப்தியில் பையன் டிக்கியில் கை ஊன்றிவிட்டான். "டேய்!" மாஸ்டரின் கத்தலில் தெருவில் போன ஸ்கூட்டர்காரர் பிரேக் போட்டார். ஐந்து விரல் பதிந்த இடத்தை மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டியதாயிற்று. முதலாளியின் நிபந்தனை ஏன் என்று இப்போது புரிகிறதா?

டேப் வருகிறது, எல்லாரும் கவனியுங்கள். பரீட்சை அட்டையில் ஒட்டுகிற சாதாரண டபுள் டேப் கிடையாது இது. நடுவில் அக்ரிலிக் நுரை, இரண்டு பக்கமும் பசை. 3எம் நிறுவனம் 1980இல் வி.எச்.பி. என்ற பெயரில் கொண்டுவந்த வகை. அது பெயின்டின் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் மெல்ல மெல்ல இறங்கி ஒட்டும். ஸ்பாய்லரின் அடியில் டேப்பை ஒட்டியாயிற்று. மேல் தோலை முழுவதும் உரித்துவிட்டு வைப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இல்லை! ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உரித்து, அந்தத் தோலை வால் வாலாக வெளியே மடக்கி விடுகிறார்கள். ஸ்பாய்லர் பேப்பர் டேப் கோட்டில் உட்காருகிறது. இன்னும் ஒட்டவில்லை, நகர்த்தலாம். மாஸ்டர் கடைசித் தடவையாக ஒற்றைக் கண் பார்வை பார்த்துத் தலையாட்டுகிறார்.

கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் மாதிரி ஒரு பரபரப்பு. பையன் ஒரு பக்க வாலைப் பிடித்து மெதுவாக இழுக்க இழுக்க, சிவப்புத் தோல் அடியிலிருந்து சரசரவென்று உருவிக்கொண்டு வருகிறது. மாஸ்டரின் உள்ளங்கை அதன் பின்னாலேயே அழுத்திக்கொண்டு போகிறது. நடுவில் அறுந்தால் தொலைந்தது. ஓனர் மூச்சே விடவில்லை. நானும் விடவில்லை. முழுவதும் வந்துவிட்டது! பையன் அந்தத் தோலைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஒரு குத்தாட்டம் போட்டான். மாஸ்டருக்கோ வியர்வை மூக்கு நுனியில் தொங்குகிறது. துடைக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார். இங்கே அழுத்தம்தான் வேலை, பசை அப்புறம்தான்.

"இப்ப நூறுல போலாமா?" இளைஞரின் அடுத்த கேள்வி. மாஸ்டர் விரல் விட்டு எண்ணுகிறார். இருபது நிமிடத்தில் பாதிப் பிடிப்பு. ஒரு நாளில் தொண்ணூறு சதவீதம். முழுசாக இறுக மூன்று நாள். "அதுவரைக்கும் வாட்டர் வாஷ் கிடையாது. டிக்கி மூடும்போது ஸ்பாய்லரைப் புடிச்சு அமுக்கக் கூடாது. வீட்ல அம்மாகிட்டயும் சொல்லிருங்க."

டீ வருவதற்குள் இரண்டாவது கேஸ். தெருவே திரும்பிப் பார்க்கிறது. மாருதி எஸ்டீம்! 2007லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி, கல்யாணப் பெண் மாதிரி துடைத்து வைத்திருக்கிறார் ஓனர். ஓய்வுபெற்ற சார். சோழவரத்தில் ரேஸ் நடந்த காலத்தில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தவர். பிறகு இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் எஸ்டீம்கள் பறந்ததையும் பார்த்தவர். காலில் நிற்கிற உயர விங் அவர் கையிலேயே இருக்கிறது. எடை கூடின சாமான், டேப்பை மட்டும் நம்ப முடியாது. ஓட்டை போட்டாக வேண்டும்.

மாஸ்டர் பையனின் காதில் கிசுகிசுக்கிறார். "சாரை டீ குடிக்க அனுப்பு." இது இந்தத் தொழிலின் எழுதாத சட்டம். பிள்ளையாக வளர்த்த வண்டியில் டிரில் இறங்குவதை ஓனர் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவர் "ஐயோ" என்பார், மாஸ்டரின் கை அசையும், கதை முடிந்தது. சார் டீக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். அவர் வழுக்கை மட்டும் வெளியே தெரிகிறது. எல்லாரும் பார்த்தோம், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஓட்டை வரும் இடத்தில் பேப்பர் டேப், பெயின்ட் பெயராமலிருக்க. அதன் மேல் மார்க்கர் புள்ளி. புள்ளியில் பன்ச் வைத்து ஒரு தட்டு, பிட் வழுக்கி ஓடாமலிருக்க. முதலில் பொடி பிட், அப்புறம்தான் பெரிய பிட். பிட்டிலும் பேப்பர் டேப் சுற்றியிருக்கிறார். அதற்கு மேல் இறங்கக் கூடாது என்று அடையாளம். கர்ர்ர்! இரும்புத்தூள் சுருள் சுருளாகப் பறக்கிறது. தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு "ச்ச்" வந்தது.

ஓட்டை போட்டதும் உடனே மாட்டிவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். இரும்புத்தூளைப் பொறுக்கி எடுக்கிறார்கள், ஒன்று மிச்சமிருந்தாலும் மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். ஓட்டையின் விளிம்புக்கு டச்சப் பெயின்ட். அது காய, ஆறிப்போன டீ. பிறகு ரப்பர் வாஷர், சிலிகான். தண்ணீர் நுழையக் கூடாது பாருங்கள்.

இப்போது பையனின் நேரம். டிக்கிக்குள் மடங்கி உட்கார்ந்து, வாயில் செல்போன் டார்ச்சைக் கடித்துக்கொண்டு, அடியிலிருந்து நட்டு முடுக்க வேண்டும். உள்ளே காற்றே கிடையாது. பனியன் நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. திடீரென்று "டிங்!" என்று ஒரு சத்தம். நட்டு டிக்கி மூடியின் இரண்டு தகடுகளுக்கு நடுவில் விழுந்துவிட்டது. விட்டுவிட்டால் சாகும்வரைக்கும் வண்டி கலகலவென்று சிணுங்கிக்கொண்டே போகும். காந்தக் குச்சி வந்தது. வேட்டை தொடங்கியது. டிக்கியை ஆட்டு, சாய், தட்டு, கேள். டீ குடிக்கப் போன சார் தூணை மறந்து ஓடிவந்து, "இந்தப் பக்கம் சத்தம் கேக்குது தம்பி!" என்று தலையை உள்ளே விட்டுவிட்டார். நட்டு காந்தத்தில் சிக்கியதும் இருவரும் கை தட்டிக்கொண்டதைப் பார்க்க வேண்டுமே!

இன்னும் இருக்கிறது. நட்டை வெறிகொண்டு முடுக்கினால் தகடு குழியும், அதனால் கை அளவோடு நிற்கிறது. கடைசியில் ஒரு பக்கெட் தண்ணீரை விங்கின் மேல் ஊற்றி டிக்கிக்குள் கையை விட்டுத் தடவுகிறார்கள். ஈரம் இல்லை. ஆனால் விங்கின் கனத்தில் டிக்கி முன்பு மாதிரி முழுசாக மேலே நிற்கவில்லை, மெல்ல இறங்குகிறது. "சாமான் எடுக்கும்போது ஒரு கை மேல புடிச்சுக்கோங்க சார்." சார் அதையும் பெருமையாகவே கேட்டுக்கொள்கிறார்.

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா? வேகமாக ஓடும்போது செய்கிறது. 1961இல் ஃபெராரி ரேஸ் காருக்குப் பின்னால் தகடு வைக்கச் சொன்னவர் ரிச்சி கின்தர் என்ற ஓட்டுநர். 1972இல் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். டக் டெயிலோடு வந்தது. ஆடி டிடி காரில் அதிவேகத்தில் விபத்துகள் நடந்த பிறகு, விற்ற வண்டிகளையே திரும்ப அழைத்து ஸ்பாய்லர் மாட்டிக் கொடுத்தார்கள். வேகத்தில் காற்று காரின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும், ஸ்பாய்லர் அதைக் கெடுக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அண்ணா சாலை நெரிசலில், ஸ்பென்சர் சிக்னலில்? மாஸ்டரிடம் கேட்டேன். வாயிலிருந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டுச் சொன்னார். "அங்க காத்தே வராது மேடம். ஸ்பாய்லர் என்னா பண்ணும்? ஆனா வண்டிய எடுக்கும்போது அவங்க மூஞ்சியப் பாத்தீங்கல்ல, அதுக்குத்தான் மாட்றோம்."

ஒன்றில் மட்டும் மாஸ்டர் கறார். காரின் அகலத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிற விங்கைத் தொடமாட்டார். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அப்படிச் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? மெல்லிய லிப் என்றால் டேப் போதும், ஓட்டை வேண்டாம். உயர விங் என்றால் போல்ட் போடுங்கள், ஓட்டைக்கு டச்சப் வைக்கிறார்களா என்று நின்று கேளுங்கள். வாரன்டி வண்டி என்றால் டிரில் எடுப்பதற்கு முன்னால் ஷோரூமில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள். கடையில் ஒட்டும் நேரத்தைவிடத் துடைக்கும் நேரம் அதிகமாக இருந்தால் அவர்கள் வேலை தெரிந்தவர்கள். வண்டியைத் துடைக்காமலே டேப்பை உரிக்க ஆரம்பித்தால், சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.