உப்புத் தண்ணீரில் வெல்லம்!

பொங்கலுக்கு வெல்லம் போடுவார்கள். பாயசத்துக்குப் போடுவார்கள். இறால் வளர்க்கும் உப்புத் தண்ணீர்க் குளத்தில் யாராவது வெல்லம் போடுவார்களா?

போடுகிறார்கள்! கிலோ கணக்கில் கரைத்து ஊற்றுகிறார்கள்.

இறாலுக்கு இனிப்பு ஊட்ட அல்ல. தண்ணீரைச் சுத்தம் செய்ய!

வெல்லம் எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்யும்? அது ஒரு வேடிக்கையான கதை. ஏரியை நம்பிப் பிழைக்கும் மக்களுக்கு அதில் ஒரு நன்மையும் இருக்கிறது.

பசியாவரம்

திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் உள்ளது பழவேற்காடு. அதை அடுத்த மீனவர் ஊர்களில் ஒன்று பசியாவரம்.

இந்த ஊர்களுக்கு வயல், வரப்பு, கிணறு எல்லாமே பழவேற்காடு ஏரிதான். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பெரியது ஒடிசாவின் சிலிகா. அதற்கு அடுத்தது இது. ஏரியின் பெரும் பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்குப் பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது.

ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. முகத்துவாரத்தின் வழியாகக் கடல் தண்ணீர் வருகிறது. இரண்டும் கலந்த தண்ணீரில் இறாலும், நண்டும், மடவையும், கொடுவாவும் வளர்கின்றன.

இந்தப் பக்கத்து மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். மீன் எல்லோருக்கும் பொது. அதனால் முறை வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

மீன் பொது என்றால் தண்ணீரும் பொதுதானே? அந்தத் தண்ணீர் கெட்டுப்போனால் முறை வைத்து என்ன பயன்?

தீவனம் செய்யும் தீங்கு

இறால் பண்ணைகளில் இறாலுக்குத் தீவனம் போடுகிறார்கள். அதில் புரதச் சத்து நிறைய உண்டு. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது.

போட்ட தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் ஏறக்குறைய கால் பங்குதான் இறாலின் உடம்பில் ஒட்டுகிறது. மற்றது? கழிவாகவும், தின்னாமல் விட்ட மிச்சமாகவும் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. அதிலிருந்து அமோனியா உண்டாகிறது. அமோனியா கூடினால் இறால் தீவனம் எடுக்காது. நோய்க்கு இடம் கொடுக்கும். கடைசியில் செத்தும் போகும்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வைத்தியம்தான். கெட்ட தண்ணீரைத் திறந்துவிடுவது. புதுத் தண்ணீரை ஏற்றுவது.

திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகும்? வாய்க்காலுக்கும், கழிமுகத்துக்கும், ஏரிக்கும் போகும்! பண்ணை பிழைத்தது. பக்கத்தில் வலை போடுகிறவன் கதி?

குழம்பு உண்டு, சோறு இல்லை

இங்கேதான் வெல்லம் வருகிறது.

தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவை பெருக வேண்டுமானால் நைட்ரஜனும் வேண்டும், கார்பன் என்னும் கரிச்சத்தும் வேண்டும்.

இறால் குளத்தில் நைட்ரஜன் தேவைக்கு மேல் கிடக்கிறது. கரிச்சத்து போதவில்லை. குழம்பு நிறைய இருக்கிறது. பிசைந்து சாப்பிடச் சோறு இல்லை என்பதுபோல!

வெல்லத்தில் உள்ள சர்க்கரை கரிச்சத்து நிறைந்தது. அதைக் கரைத்து ஊற்றினால் பாக்டீரியாவுக்குச் சோறு கிடைத்துவிடுகிறது. அமோனியாவில் உள்ள நைட்ரஜனை இழுத்துக்கொண்டு அவை மளமளவென்று பெருகுகின்றன. நஞ்சாக இருந்தது பாக்டீரியாவின் உடம்பாக மாறிவிடுகிறது.

பிறகு இந்தப் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிறு சிறு திப்பிகளாக மிதக்கின்றன. அவற்றை இறால் தின்கிறது. கழிவாகப் போனது மறுபடியும் தீவனமாகத் திரும்பி வருகிறது!

எவ்வளவு போட வேண்டும்?

இதற்குக் கணக்கு உண்டு. இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி யோரம் அவ்னிமெலெக் 1999-ம் ஆண்டில் அதை விளக்கி எழுதினார். தண்ணீரில் 1 கிராம் அமோனியா நைட்ரஜன் இருந்தால், அதைப் பிடிக்கச் சுமார் 20 கிராம் மாவுச்சத்து அல்லது சர்க்கரை வேண்டும்.

ஒரு கிலோ தீவனம் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் 100-க்கு 35 பங்கு புரதம் என்றால், புரதம் 350 கிராம். அதற்குள் இருக்கும் நைட்ரஜன் 56 கிராம். அதில் பாதி, அதாவது 28 கிராம், அமோனியாவாக மாறுவதாகக் கொள்ளலாம். 28-ஐ 20-ஆல் பெருக்கினால் 560 கிராம். ஆக, ஒரு கிலோ தீவனத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே!

வெல்லம்தான் வேண்டும் என்பதில்லை. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப் பாகு போடலாம். தவிடு போடலாம். கேரளத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவைப் போட்டுச் சோதித்தார்கள். அந்தச் சோதனையின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. தண்ணீரில் அமோனியா குறைந்தது. 100-க்கு 40 பங்கு புரதமுள்ள விலை கூடிய தீவனத்துக்குப் பதில் 25 பங்கு உள்ளதைப் போட்டும் விளைச்சல் குறையவில்லை. தீவனச் செலவு மிச்சம்!

சென்னையில் 1987-ல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையமும் இந்த முறையில் ஆராய்ச்சி செய்திருக்கிறது.

கண்ணாடித் தொட்டியிலும் இதே வித்தை

வீட்டில் கடல் மீன் வளர்ப்பவர்களும் இதைக் கையாளுகிறார்கள். கண்ணாடித் தொட்டியில் நாளாக ஆக நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சேர்கின்றன. பாசி படர்கிறது. அதைத் தடுக்க அவர்கள் வினிகரையோ, சர்க்கரையையோ, ஓட்கா என்ற மதுவையோ சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். மீனுக்குப் போதை ஏற்ற அல்ல. பாக்டீரியாவுக்குக் கரிச்சத்து கொடுக்க!

தொட்டியில் பெருகிய பாக்டீரியாவை, நுரையெழுப்பும் கருவி நுரையோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது.

உஷார்!

இதில் ஆபத்தும் உண்டு. பெருகும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன. ஒரே நாளில் அதிகமாகப் போட்டுவிட்டால் தண்ணீர் பால்போல் கலங்கும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். விடிவதற்குள் எல்லாம் மிதந்துவிடும்!

ஆகவே சிறிதளவில் தொடங்கி, நாள் பார்த்துக் கூட்ட வேண்டும். பகலில்தான் போட வேண்டும். காற்றூட்டும் சக்கரம் இரவு பகல் ஓட வேண்டும். மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு கையில் இருக்க வேண்டும். சக்கரம் இல்லாதவர் இந்த வித்தையில் இறங்கவே கூடாது.

ஏரியில் போடலாமா?

"அப்படியானால் பழவேற்காடு ஏரியிலேயே மூட்டை மூட்டையாக வெல்லத்தைக் கொட்டிவிடலாமே?" என்று சிலர் கேட்கலாம்.

கூடாது! ஏரிக்குச் சக்கரம் பூட்ட யாரால் முடியும்? பிராணவாயு குறைந்தால் மீன் குஞ்சுகள்தான் முதலில் சாகும்.

ஏரிக்கு வேண்டிய மருந்து வேறு. முகத்துவாரம் மணல் மூடாமல் திறந்திருக்க வேண்டும். கடல் தண்ணீர் வந்து போக வேண்டும். கழிவு உள்ளே வராமல் இருக்க வேண்டும்.

இதை நீதிமன்றமும் கவனித்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வழங்கியது. சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக் கூடாது என்று அதில் உத்தரவிட்டது. பிறகு 2005-ல் கடலோரப் பண்ணைகளைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது.

வெல்லம் இந்தச் சட்டத்துக்கு மாற்று அல்ல. துணை! பண்ணைக்காரர் தம் குளத்துக் கழிவைத் தம் குளத்திலேயே தீர்த்துக்கொண்டால், தண்ணீரை அடிக்கடி திறந்துவிட வேண்டியதில்லை. அவர் கைக்காசும் மிஞ்சும். பசியாவரத்து மீனவரின் வலையில் மீனும் மிஞ்சும்.

தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டாதவன் நல்ல அண்டை வீட்டுக்காரன். குளம் வைத்திருப்பவருக்கும் அதுதான் சட்டம்!