விநாடிக்கு ஏழு அலைகள்

கழுத்தின் நடுவே, குரல்வளையின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். விரல்நுனியில் ஒரு குறுகுறுப்பு ஓடும். உள்ளே இரண்டு சின்னஞ்சிறு சதைமடிப்புகள் ஒட்டிப் பிரிந்து, ஒட்டிப் பிரிந்து எழுப்பும் அதிர்வு அது. அவைதான் குரல்நாண்கள். தாலாட்டும் ஒப்பாரியும் மேடைக் கச்சேரியும் அந்த மடிப்புகளில்தான் பிறக்கின்றன.

‘குயின்’ இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்கும் இருந்தவை அதே இரண்டு மடிப்புகள். 1946இல் சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார்; இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. எட்டு வயதில் மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு வந்தார். முதல் இசைக்குழுவில் சேர்ந்ததும் அங்கேதான். 1964இல் குடும்பத்தோடு இங்கிலாந்தில் குடியேறினார். 1985 ஜூலை 13 அன்று, லண்டன் வெம்பிளி அரங்கில் அவர் வெறும் ‘ஏ...ஓ’ என்று ஒலியெழுப்ப, 70,000 பேர் அதைத் திருப்பிப் பாடினார்கள்.

அந்தத் தொண்டையில் அப்படி என்ன இருந்தது? கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் என்ற ஆஸ்திரியக் குரலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தேடியது. மெர்குரி 1991இலேயே மறைந்துவிட்டதால், எஞ்சியிருந்த பேட்டிகளும் பாடல் பதிவுகளும்தான் ஆதாரம்.

முதலில் பேச்சை அளந்தார்கள். அவர் பேசும்போது குரல்நாண்கள் விநாடிக்குச் சுமார் 117 முறை அதிர்ந்தன. ‘பாரிடோன்’ எனப்படும் நடுத்தர ஆண்குரலின் அளவு இது. உச்ச ஸ்தாயியில் பாடிப் புகழ்பெற்றவரின் பிறவிக் குரல் அப்படி ஒன்றும் மெல்லியதல்ல. நான்கு ஸ்தாயிகளில் பாடுவார் என்ற பேச்சையும் அந்த ஆய்வால் உறுதிசெய்ய முடியவில்லை.

வியப்பு வேறிடத்தில் இருந்தது. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தும்போது குரல் மேலும் கீழுமாக மெல்ல அலைவதை மேற்கத்திய இசையில் ‘வைப்ரேட்டோ’ என்பார்கள். ஆப்பராப் பாடகர்களிடம் இந்த அலை பெரும்பாலும் விநாடிக்கு ஐந்து அல்லது ஆறு முறை சீராக வந்துபோகும். மெர்குரியிடம் சராசரியாக ஏழு. குரல் நடுக்கக் கோளாறில் காணப்படும் வேகத்தை அது எட்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, அலைகளும் சீராக இல்லை. ஒரே சுரத்தை அவர் நீட்டிப் பாடும்போதும் அதற்குள் ஏதோ துடிப்பதுபோல் நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

அடுத்தது, அவருடைய உறுமல். குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. பெயர் போலிக் குரல்நாண்கள். பேசும்போதும் பாடும்போதும் அவை சும்மாதான் இருக்கும். ஆய்வாளர்கள், மெர்குரியின் பாணியை அப்படியே பாடிக்காட்டக்கூடிய ஒரு ராக் பாடகரின் தொண்டையை, விநாடிக்கு 4,000க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கும் கேமராவில் பதிவுசெய்தார்கள். உறுமும் இடத்தில் போலி மடிப்புகளும் விழித்துக்கொண்டன. கீழே குரல்நாண்கள் மூன்று முறை அதிர்ந்தால், மேலே இவை ஒரு முறை அதிர்ந்தன, தாளம் பிசகாமல். அதனால் பாடும் சுரத்துக்கு அடியில் இன்னொரு கரகரத்த ஒலி சேர்ந்துகொள்கிறது. தெற்கு சைபீரியாவிலுள்ள துவா பகுதியின் நாட்டுப்புறப் பாடகர்களும் இதே மடிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள்.

நடுக்கமும் கரகரப்பும் பொதுவாகக் குரலின் குறைகள் என்றே எண்ணப்படுபவை. மெர்குரி அந்த விளிம்புவரை குரலைத் துணிந்து ஓட்டிப்போய், வழுக்காமல் திரும்பினார்.

நோய் முற்றியிருந்த 1991இல், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ‘மதர் லவ்’ பாடலைப் பதிவுசெய்தார். கடைசிச் சரணத்துக்கு முன் களைத்து, ஓய்வெடுத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். திரும்ப முடியவில்லை. அந்தச் சரணத்தைக் கிட்டார் கலைஞர் பிரையன் மே பாடி முடித்தார். கண்ணை மூடிக் கேளுங்கள்: வேறொரு குரல் தொடங்கும் இடம் உடனே தெரியும்.