ஒலிநாடாவில் உறங்கிய எழுத்து

1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியபொழுது வந்தவை இங்கிலாந்து நாட்டின் பி.பி.சி. மைக்ரோ பொறிகள். அவற்றின் நினைவகம் 32 கிலோபைட்டே. எங்கள் மகன் அதில் 8 வரிசைக்கு 8 புள்ளி வீதம் எழுத்து வரைந்து, பாட்டியின் பெயரைத் தமிழிலே திரையேற்றி, நிரலை ஒலிநாடாவில் பதிந்து வைத்தான்.

பொறிகள் மறைந்தன, நாடா டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அண்மையில் அதனை வெளியே எடுத்தோம். நாடாவில் இருப்பது வெறும் ஒலியே: 1 என்பது 2400 அதிர்வெண்ணில் ஈரலை, 0 என்பது 1200-இல் ஓரலை. அவ்வொலியைக் கோப்பாக்கி 'எமுலேட்டர்' என்னும் மென்பொருளிடம் அளித்தல் வேண்டும். பழைய 6502 செயலிக்குரிய கட்டளை ஒவ்வொன்றையும் அது படித்து, அச்செயலி செய்திருக்கக் கூடியதையே மடிக்கணினியில் செய்து காட்டுகிறது. தான் ஊர் மாறி வந்த செய்தியே நிரலுக்குத் தெரியாது! நமக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

முதன்முறை நாடா இடறிற்று. காந்தப் பூச்சு உதிரத் தொடங்கியிருந்தது. ஓட்டியின் முனையைத் துடைத்து மூன்றாம் முறை ஓட்டியபொழுது பெயர் எழுந்தது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்திருந்தும், பாட்டி கற்பித்த பழைய தும்பிக்கை 'லை'யையே பையன் வரைந்திருக்கிறான். அவர் மறைந்து பல்லாண்டாயிற்று.

இத்தகைய நாடா வைத்திருக்கும் அன்பர்கள், காலந்தாழ்த்தாது ஒலியை மட்டுமேனும் முதலில் பதிந்துகொள்வார்களாக. எஞ்சியதைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.