காசில்லா விளையாட்டும் காசு விளையாட்டும்

கரோல் பாக் வாழ் தமிழர்களுக்குக் கஃபார் மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1990-களில் வீடியோ கேம் கேட்ரிஜுக்கு நானும் அங்கே பேரம் பேசியவன்தான். ஒருமுறை பணம் கொடுத்தால் செலவு அதோடு முடிந்தது. இன்றைய கைப்பேசி விளையாட்டோ இலவசமாக வீட்டுக்குள் வருகிறது. ஆட்டம் சூடுபிடித்த பிறகுதான் பணம் கேட்கிறது.

இதில் அரசு என்ன செய்கிறது? தமிழ்நாடு 2022-இல் கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்றது. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள். அவற்றுக்குத் தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இந்த வழக்காடலுக்கே இடம் வைக்கவில்லை. திறமையோ அதிர்ஷ்டமோ, வெல்லும் பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டினால் அது பண விளையாட்டு. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விளையாட்டுக்குள் துப்பாக்கியும் உடையும் வாங்கும் பிள்ளை பரிசுப் பணத்தை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே அது பண விளையாட்டில் சேராது. ஆனால் நம் வங்கிக் கணக்கு கரைகிறது. இங்கே காவல் நாம்தான். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். விளையாட்டில் வங்கி அட்டை விவரத்தைப் பதிந்து வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தே பாருங்கள்.