கௌதாரிக்கு எந்த நாய்?

அன்னவாசல் பக்கத்துத் தம்பி ஒருத்தன் கேட்டான்: "அண்ணே, கௌதாரி, காடை பிடிக்கவும் ஆகணும், வீட்ல புள்ளைங்களோடவும் இருக்கணும். சிப்பிப்பாறை வாங்கலாமா?"

முதல் பாதிக்குப் பதில் சின்னதுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். துப்பாக்கியே வேண்டாம், நாயை விட்டுத் துரத்தினாலும் வேட்டைதான்.

சட்டத்தை விடுங்க, சிப்பிப்பாறைக்கு அந்த வேலையே தெரியாது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் கண்ணால் பார்த்து ஓடுற நாய்கள். கரிசல் வெளியில் முயல் கிளம்பினால் விரட்டிப் பிடிக்கும். கௌதாரியோ புதருக்குள் பதுங்கும். மோப்பத்தில் அதைக் கண்டு, அசையாமல் நின்று காட்டுவது பாயின்டர். சுட்டு விழுந்ததைப் பல் படாமல் கவ்வி வருவது லாப்ரடார். ரெண்டும் துப்பாக்கிக்காரர்களுக்காக உருவான இனங்கள். நம்மூரில் காடைக்கு வலையும் கண்ணியும்தான் வைத்தார்கள்.

அப்போ வீட்டுக்கு லாப்ரடாரா? குணம் தங்கம். ஆனால் அதன் இரட்டை ரோமம் குளிர்ந்த தண்ணீரில் இறங்குவதற்கானது. புதுக்கோட்டை மே மாசத்தில் பாவம், மூச்சு வாங்கியே படுத்துக் கிடக்கும். சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் குட்டை ரோமம், வெயில் தாங்கும், வீட்டாரோடு ஒட்டிக்கொள்ளும். (ராஜபாளையம் என்றால் கைதட்டிப் பார்த்து வாங்குங்க, வெள்ளைக் குட்டிகளில் காது கேளாதவை உண்டு.)

சிக்கல் ஒன்றுதான்: ஓடுறது எதுவானாலும் அதுக்கு முயல்தான். பக்கத்து வீட்டுக் கோழி, ஆட்டுக்குட்டி, விராலிமலைப் பக்கம்னா மயில். குட்டியிலிருந்தே கோழிகளோடு பழக்கணும், அப்பவும் முழுசா நம்ப முடியாது.

தம்பிக்குக் கன்னிதான் சொன்னேன். குட்டி எடுக்குறதுக்கு முன்னாடி வேலியைப் போடச் சொல்லியிருக்கேன்.