வேலை நின்றால் லோயரிடம் போகுமுன்

"நாளைக்கு பிரட்டுக்கு வராதே" என்று சொல்லிவிட்டால் நம்மில் பலர் லயத்துக்குத் திரும்பி வந்து, கோபம் ஆறியதும் துரை கூப்பிடுவார் என்று காத்திருக்கிறோம். அப்படிக் காத்திருந்த ஒரு அண்ணன் எங்களைத் தேடி வந்தபோது ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. தொழில் நியாய சபைக்கு, அதாவது நாம் 'லேபர் ட்ரிபியூனல்' என்று சொல்கிற இடத்துக்கு, வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். அவருக்கு சேவைக்காலப் பணத்தை மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்தோம். வேலையைத் திரும்பக் கேட்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் லோயர் தேவையில்லை. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் தன் பங்காக 12 வீதமும், நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதமும் கட்ட வேண்டும். சேமலாப நிதியைக் கட்டாவிட்டால் கண்டி தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். திணைக்களமே வழக்குத் தொடரும். 5 வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு, 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருடத்துக்கு 14 நாட் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேர வேண்டும். அதற்கும் அதே அலுவலகம்தான்.

வேலைநீக்கம் என்றால் கதை வேறு. சந்தா கட்டுகிறவர் முதலில் சங்கத்திடம் போகலாம். அங்கத்தவருக்காகச் சங்கமே மனுப் போடவும் வாதாடவும் சட்டம் இடம் கொடுக்கிறது. சங்கம் கைவிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்கு 1978 இல் ஏற்படுத்தப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதற்குக் கண்டியில் கிளை உண்டு. அடையாள அட்டையும் சம்பளத் துண்டும் கொண்டு போங்கள்.

காசு கொடுத்து லோயர் வைப்பதானால், "ஐயா, தொழில் நியாய சபையில் வழக்குப் பேசுவீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. காணி வழக்கில் கெட்டிக்காரர் இதிலும் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. மனுவுக்கு எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கோர்ட் வாசலில் "நான் ஆள் பிடித்துத் தாறேன்" என்று வருகிறவரிடம் ஒரு சதமும் வேண்டாம். சிங்களத்தில் எழுதிய மனுவைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். லோயருக்குப் பிரதிதான், மூலப்பத்திரம் உங்கள் பெட்டியில்.

ஆனால் எவ்வளவு நல்ல லோயர் வந்தாலும் இரண்டு விஷயம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஒன்று, வேலையிலிருந்து நிறுத்தினார்கள் என்பதைக் காட்டுவது. கடிதம் கொடுத்து நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று தோட்டம்தான் சொல்ல வேண்டும். வாயால் சொல்லி நிறுத்தினால், "நாங்கள் நிறுத்தவில்லை, அவராகத்தான் வரவில்லை" என்பார்கள். அப்போது நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். அதனால் மறுநாளும் பிரட்டுக்குப் போங்கள். பேர் போட மறுத்தால் கூட நின்றவர்கள் யார் என்று குறித்து வையுங்கள். அன்றைக்கே "வேலைக்கு வந்தேன், வேலை தரவில்லை" என்று இரண்டு வரி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கில் அந்தத் துண்டுக்குப் பெரிய பெறுமதி உண்டு.

மற்றது, முதலாளி யார் என்பது. துரை முதலாளி அல்ல, தோட்டத்தின் பெயரும் முதலாளியின் பெயர் அல்ல. எழுபதுகளில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992 இல் பல தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, சில அரசிடமே நின்றன. பிழையான பெயரில் மனுப் போட்டால் மாதக்கணக்கில் இழுபடும். சம்பளத் துண்டின் மேலே அச்சடித்திருக்கும் பெயரைப் பாருங்கள். துண்டை அடுப்பு பற்ற வைக்கிற பழக்கத்தை அக்காமார் தயவுசெய்து விட வேண்டும்!

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குப் போய்வர ஒரு நாள் பேர் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே போகுமுன் எங்களிடம் வாருங்கள். கடிதம் எழுதுவதற்கும் பத்திரங்களை அடுக்குவதற்கும் நாங்கள் காசு வாங்குவதில்லை. வேலை நின்ற திகதியை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.