நாற்பது நாள் உழைப்பு: பிரசவத்துக்குப் பின்னான துணை பற்றிச் சில குறிப்புகள்

பிள்ளைத்தமிழ் இலக்கணத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. காப்பு, செங்கீரை, தால் என்று போகும் பத்துப் பருவங்களும் குழந்தையின் மூன்றாம் மாதத்தில் தொடங்கி இருபத்தோராம் மாதத்தில் முடிகின்றன. முதல் இரண்டு மாதங்களுக்குப் பருவம் கிடையாது. பெற்ற உடம்பு உதிரம் கசிந்து, பால் கட்டி, தூக்கமில்லாமல் கிடக்கும் நாட்கள் அவை. எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் இது எனக்கு உறைக்கவில்லை. மகள் பிறந்த பதினோராம் நாள் ராத்திரிதான் உறைத்தது.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. மாமியாருக்கு மூட்டுவலி. வீட்டுக்காரருக்கு லீவு முடிந்துவிட்டது. வெள்ளிமலைப் பக்கமிருந்து கள்ளக்குறிச்சிக்கு வேலைக்கு இறங்கி வந்திருந்த ஓர் அக்காவைப் பக்கத்து வீட்டில் சொல்லி அழைத்துவந்தார்கள். வந்தவர் முதலில் குழந்தையைத் தூக்கவில்லை. "நீ சாப்ட்டியா பாப்பா?" என்றுதான் கேட்டார். பூண்டுக் குழம்பு வைத்தார். குழந்தையின் வாய் காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வும்படி சாய்த்துக் காட்டினார். "தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முப்பது நாள் வந்தார். முப்பது நாளும் எங்கள் வீட்டில் அவருக்குக் கொல்லைப்புறத்தில் தனித்தட்டு. கடைசி நாள் ஒரு புடவை, கொஞ்சம் பணம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கட்டுரை அந்தத் தட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்த அக்கா செய்த வேலைக்கு மேலை நாடுகளில் 'டூலா' என்று பெயர். அமெரிக்க மானிடவியலாளர் டானா ரஃபேல் தாய்ப்பாலூட்டல் பற்றி 1973இல் வெளியிட்ட நூல் வழியாக இச்சொல் பரவியது. பழைய கிரேக்கத்தில் அதன் பொருள் அடிமைப்பெண். 1992இல் வட அமெரிக்காவில் இவர்களுக்கென்று ஒரு சங்கம் உருவானது. இன்று பயிற்சி, சான்றிதழ், மணிக்கணக்கில் கட்டணம் எல்லாம் உண்டு. நம் பெருநகரங்களிலும் வசதியுள்ளவர்களுக்குக் கிடைக்கிறது.

இவர் மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. ஊசி போடமாட்டார், மருந்து சொல்லமாட்டார். குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கி வளர்க்கும் ஆயாவும் அல்ல. தாயைப் பார்த்துக்கொள்வதே இவர் வேலை. தாய் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். சமைப்பது, தூங்கவிடுவது, பால் கொடுக்க உடன் உட்கார்வது, புருஷனுக்குத் துணி மாற்றக் கற்றுக்கொடுப்பது, ஏங்கிப் போன மூத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது, அழுதால் 'ஏன் அழுற' என்று அதட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பது. இவற்றோடு அபாயத்தை அடையாளம் காண்பதும் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் துணி முழுக்க நனைகிற உதிரப்போக்கு, காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, கண் மங்கும் தலைவலி, குழந்தை பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது – இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.

இதைச் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது. வேலூர் மாவட்டக் கிராமப்புறப் பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்குப் பின் நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்ததாகக் கண்டது. குறைந்த வருமானம், ஆண் வேண்டுமென்றிருக்கையில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல் ஆகியவற்றோடு, கைகாலுக்கு ஒத்தாசை இல்லாமையையும் அது அபாயக் காரணியாகச் சொல்கிறது. ஒத்தாசை என்பது அன்பின் உபரி அல்ல, உடல்நலத்தின் ஒரு நிபந்தனை என்று நாம் இதை வாசிக்க வேண்டும்.

நம் மரபு இதை அறியாததல்ல. திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதையை எடுத்துக்கொள்வோம். காவிரியில் வெள்ளம், பேறுகாலத்துக்கு வரவேண்டிய தாய் அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவன் அவள் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறான். கதை அதோடு முடியவில்லை. வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வரும்வரை கூடவே இருந்து தாயையும் பிள்ளையையும் பராமரிக்கிறான். கடவுள் செய்தால் இது திருவிளையாடல். அதே வேலையை மனுஷி செய்தபோது நேர்ந்தது வேறு. ஊர்களில் மருத்துவச்சி வேலை பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண்கள் மீதும் தலித் பெண்கள் மீதும் சுமத்தப்பட்டது. உதிரம் தீட்டு, எனவே அதைத் தொட்டுக் கழுவுகிறவளும் தீட்டு. கூலி, படி நெல்லும் பழம்புடவையும். கிரேக்கச் சொல்லுக்குள் இருக்கும் அடிமைத்தனத்தை நாம் சாதியாகவே வைத்திருந்தோம்.

அதற்காக மரபை அப்படியே மீட்பதும் ஆகாது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, சேனை வைப்பது, பெற்றவளுக்குத் தண்ணீர் மறுப்பது, குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது எல்லாம் அதே மரபில்தான் இருந்தன. இவை கேடு. வயிற்றுக்குச் சூடான சோறும் நாற்பது நாள் ஓய்வும் கேடல்ல. இரண்டையும் பிரித்தறிய அறிவியலும் வேண்டும், அந்த வீட்டுப் பாஷையும் வேண்டும்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்குப் பஸ் ஏறும்போது இதையெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். 1976 வரை ஜாகிர்தார்களுக்குச் சம்பளமில்லாமல் உழைத்த மலை இது. சம்பளமற்ற உழைப்பு என்பது இங்கே கோட்பாட்டு வார்த்தை இல்லை. ஆம்பளைகள் பலர் பிழைப்புக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். பெற்றவள் சில வாரத்தில் மரவள்ளிக் காட்டுக்கு இறங்கிவிடுகிறாள்.

தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. இது சாவைக் குறைத்த சாதனை, மறுக்கவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியும் 2018இல் 18,000 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பணம் வந்து குழந்தையைத் தூக்கிக்கொள்ளாது. வீடு திரும்பிய பிறகான நாற்பது நாள் யார் பொறுப்பு?

அரசுத் திட்டப்படி ஒரு விடை உண்டு. மலைப்பகுதிகளில் ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீடு தேடிப் போகவேண்டும். 2011இல் இத்திட்டம் வந்தபோது ஆறு வருகைக்கும் சேர்த்து மத்திய அரசு வைத்த ஊக்கத்தொகை 250 ரூபாய். ஒரு நடைக்கு நாற்பத்திரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. ஊக்கத்தொகை என்ற சொல்லைக் கவனியுங்கள். கூலி என்று சொன்னால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பேச வேண்டிவரும். 'தன்னார்வலர்' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தத் தொந்தரவு இல்லை. படி நெல்லுக்கும் இதற்கும் இடையே ஒரு நேர்கோடு ஓடுகிறது.

வெள்ளிமலையில் அந்த அக்காவைப் பார்த்தேன். இன்னமும் புள்ளை பிறந்த வீடுகளுக்குப் போகிறார். "படிச்சிருந்தா நர்சாயிருப்பேன்" என்று சிரித்தார். அகப்பாடல்களில் கூற்றுக்கு உரிமையுடைய செவிலியின் பெயரைத்தான் நாம் இன்று நர்சுக்கு வைத்திருக்கிறோம். அந்தப் பெயரும் இவருக்குக் கிடைக்கவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. மலைக்கிராமங்களில் இவரைப் போன்றவர்களுக்குப் பயிற்சி, நாற்பது நாளுக்கு நாள்கூலி, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு முறையான தொடர்பு. அரசு செய்யும்வரை நம் வீடுகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அன்று அவர் வீட்டுத் திண்ணையில் எனக்குச் சாமைச் சோறு போட்டார். தட்டு ஒரே மாதிரி இருந்தது, இருவருக்கும்.